சமுதாயக் கல்லூரியில் கலைப் பாடமும் நூலகத் தேடலும்

சமுதாயக் கல்லூரி என்பது பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே நிற்கும் கல்வி நிலையம். ஓராண்டிலோ ஈராண்டிலோ முடியும் சான்றிதழும் பட்டயமும் அங்கே கிடைக்கும். வயது கூடிவிட்டது, மார்க் குறைவு, நடுவில் படிப்பு விட்டுப்போயிற்று என்று சொல்லி யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை. பிளஸ் டூவோடு நின்றுவிட்ட பெண், ஒப்பந்தத் தொழிலாளி, கடையில் கணக்கு எழுதிக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர் போன்றவர்கள் அதன் மாணவர்கள். நெய்வேலி போன்ற சுரங்க நகரியத்தில் இப்படியொரு கல்லூரி எதைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டால், வெல்டிங், எலக்ட்ரீஷியன், கம்ப்யூட்டர் என்று உடனே பதில் வரும். அவை வேண்டியவைதாம். அவற்றின் பக்கத்திலேயே மொழி, வரலாறு, பொருளியல், இலக்கியம் ஆகிய கலைப் பாடங்களும், நூலகத்தில் தேடிப் படிக்கும் முறையைச் சொல்லித்தரும் தனித் தாள் ஒன்றும் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் நடத்தப்படும் கலைப் பாடம் கைடு படித்து ஒப்பிக்கும் பாடமாகவே முடியும்.

இந்த வகைக் கல்லூரிகளில் முதலாவது என்று பொதுவாகக் குறிக்கப்படுவது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கியது. எஃகு ஆலையும் சுண்ணாம்புக்கல் குவாரியுமாக இருந்த உழைப்பாளிகளின் ஊர் அது. அவ்வூர்ப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து, ஆறே மாணவர்களோடு அதைத் தொடங்கினர். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அவன் ஊரிலேயே தருவதுதான் நோக்கம். தொழிற்பயிற்சி பின்னால் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளியான ட்ரூமன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு சமுதாயக் கல்லூரி என்ற பெயரே நாடெங்கும் நிலைத்தது. இன்றும் அங்குள்ள ஈராண்டுக் கல்லூரிகள் பலவற்றில் நூலக ஆய்வு ஒரு தனிப் பாடம். அதை நடத்துபவர் அந்தக் கல்லூரியின் நூலகர்.

இந்தியாவில் வரிசை தலைகீழாக அமைந்தது. முதல் சமுதாயக் கல்லூரி புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1995-இல் புதுச்சேரியில் வந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றார். அவர் முயற்சியால் 1999-இல் இதற்கென ஒரு மையமே சென்னையில் உருவாயிற்று. படிப்பை விட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் ஆகியவற்றை ஒரே ஆண்டில் கொடுத்து வேலையில் அமர்த்துவது அவர்களுடைய திட்டம். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிய அது உதவியது. அந்தப் பணியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற நியாயத்தில் கலைப் பாடம் பின்னுக்குப் போயிற்று. போனது பின்னுக்கே நின்றுவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் கொண்டுவந்த சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் இதற்கு ஒரு திருத்தம் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அறுபது விழுக்காடு தொழில் திறன், நாற்பது விழுக்காடு பொதுக் கல்வி என்று அது பங்கு பிரித்தது. 60 கிரெடிட் கொண்ட ஓராண்டுப் பட்டயத்தில் 24 கிரெடிட் பொதுக் கல்விக்கு உரியது. இது சிறிய இடமன்று. நடைமுறையில் அந்த 24 கிரெடிட்டும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, நேர்முகத் தேர்வுக்கு உடுத்தும் முறை, கணினி அடிப்படை என்று கரைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதில் ஆறு கிரெடிட்டை நூலகத் தேடலுக்கு ஒதுக்கினால் மீதமுள்ள பொதுக் கல்விக்கே ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

கலை என்ற சொல்லும் தடையாக நிற்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ஆர்ட்ஸ் குரூப் என்றால் மற்றது கிடைக்காதவர் எடுப்பது. நெய்வேலியில் இந்த எண்ணம் இன்னும் அழுத்தமானது. நகரியத்தின் கல்லூரியே ஜவஹர் அறிவியல் கல்லூரி என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. கலைக் கல்லூரி என்று பெயர் கொண்டவற்றைத் தேடினால் விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் கல்லூரி இருக்கிறது, கடலூரில் பெரியார் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் பஸ் பிடித்துப் போக வேண்டும். பொறியாளரும் டெக்னீஷியனும் கட்டிய ஊரில் தொழிற்கல்விக்கு மதிப்புக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் அந்த ஊர் எப்படி உண்டாயிற்று, அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள், அடியில் இருக்கும் கரி தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குப் பொறியியல் புத்தகத்தில் மட்டும் விடை கிடைக்காது. அவற்றைக் கேட்கவும் விடை தேடவும் பழக்குவதுதான் கலைக் கல்வி. மேற்கே அதற்குச் சுதந்திரக் குடிமகனின் கல்வி என்றுதான் பெயர் வைத்தார்கள். பிறர் சொல்வதை அப்படியே கேட்டு நடக்க வேண்டாதவனுக்கு உரிய கல்வி என்பது அதன் பொருள்.

நூலகத்தைக் கல்வியின் நடுவில் வைக்க வேண்டும் என்று வாதாடியவர் இந்த வட்டாரத்துக்காரர் என்பதை நெய்வேலி மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, லண்டன் சென்று நூலகவியல் படித்துத் திரும்பினார். அவருடைய நூலக விதிகள் ஐந்தும் முதன்முதலில் மேடையேறியது 1928 டிசம்பரில், சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலந்தது. விதிகள் 1931-இல் புத்தகமாயின. 1933-இல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகரே நடந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும் என்றவர் அவர். அப்படி வருபவருக்குப் பக்கத்தில் நின்று உதவ ஒரு நூலகர் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்கு அவருடைய இருபதாண்டு உழைப்பு பின்னணி. மன்னார்குடியில் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியதும் அதே காலத்து வேகத்தில்தான்.

நூலகத் தேடல் தாளை நெய்வேலியில் நடத்துவதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பழுப்பு நிலக்கரி என்ற ஒரே தலைப்பு போதும். டியூயி பகுப்பில் அடுக்கிய நூலகத்தில் மாணவரை விட்டு, நிலக்கரி எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னால், சுரங்கப் பொறியியலுக்கான 622-இல் நிற்பார். கனிம வளத்தின் நிலவியல் 553-இல் இருக்கிறது. அதற்குத் திரும்பி நடக்க வேண்டும். தொழிலாளர், கூலி, சங்கம் எல்லாம் 331. நிலம் எடுத்த சட்டம் 343. ஊரின் வரலாறு 954.82, அது கட்டடத்தின் மறுகோடி. சுரங்கத்துக்குப் போனவர்களைப் பற்றி யாராவது கதை எழுதியிருந்தால் அது 894.811, தமிழ் இலக்கியம். ஒரு பொருளுக்கு ஆறு இடங்களில் கால் நோக நடந்தவருக்குப் பாடத்துறைகள் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு துறையும் அந்தக் கரியிடம் ஒவ்வொரு கேள்வியைக் கேட்கிறது என்பதை அவர் காலே சொல்லிவிடும்.

அடுத்த படி, கேள்வியைச் சுருக்குவது. தொடக்கத்தில் எல்லா மாணவரும் எழுதும் தலைப்பு ‘நெய்வேலி’ அல்லது ‘நெய்வேலியின் வளர்ச்சி’. அதை வைத்து எதையும் தேட முடியாது. இங்கே அரங்கநாதனின் முறை நேரடியாகக் கைகொடுக்கிறது. எந்தப் பொருளையும் அவர் ஐந்து முகங்களாகப் பிரித்தார்: மையமான பொருள், அது எதனால் ஆனது, அதில் நடக்கும் செயல், இடம், காலம். நூல்களுக்கு எண் கொடுக்க உண்டான அந்தப் பிரிப்பைக் கேள்வி அமைக்கவும் பயன்படுத்தலாம். யாரைப் பற்றி? நிலம் கொடுத்த குடும்பங்கள். என்ன நடந்தது? இடம்பெயர்வு. எங்கே? மந்தாரக்குப்பத்தைச் சுற்றி. எப்போது? 1957 முதல் பத்தாண்டு. ஒரு பக்கத்தில் நான்கு வரியாக இதை எழுதிக்கொண்ட மாணவர் நூலகரிடம் போனால், அவருக்கு என்ன எடுத்துக்கொடுப்பது என்று நூலகருக்கு உடனே தெரியும்.

தேடும் சொற்களைத் திரட்டுவது மூன்றாவது வேலை. அனுபவமில்லாதவர் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். இன்று கடலூர் மாவட்டம் என்று தேடினால் 1993-க்கு முந்தைய ஆவணம் ஒன்றும் அகப்படாது. அன்று அது தென்னாற்காடு மாவட்டம். கார்ஸ்டின் 1878-இல் எழுதிய மாவட்டக் கையேடும் பிரான்சிஸ் 1906-இல் எழுதிய கெஜட்டியரும் அந்தப் பெயரில்தான் பட்டியலில் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரும் மாறியிருக்கிறது. 1956 நவம்பரில் பதிவானபோது நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்; 2016 முதல் என்.எல்.சி. இந்தியா. அரசின் பெயர் 1969 வரை சென்னை மாநிலம். ஆளின் பெயரில் இன்னும் சிக்கல் அதிகம். நெய்வேலியில் தம் நிலத்தில் கரி கண்ட ஜம்புலிங்க முதலியார் சில பக்கங்களில் சம்புலிங்கம் ஆவார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனை அவருடைய இயற்பெயரான விருத்தாசலம் என்று தேடினால் எழுத்தாளரும் வரலாம், ஊரும் வரலாம். பழைய அச்சும் மாணவரைத் தடுமாற வைக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போல மேலே சுழித்த கொம்போடு அச்சாயின. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம் இருந்தது. அரை மணி நேரப் பயிற்சியில் இந்தத் தடுமாற்றம் தீரும். அந்த அரை மணி நேரத்தை யாராவது கொடுக்க வேண்டும், அவ்வளவே.

கிடைத்ததை எடைபோடுவதுதான் தாளின் மையம். அதற்கு நெய்வேலியின் பிறப்புக் கதையைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரும்பழுப்பான பொருள் வெளிப்பட்டது என்பதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். ஆண்டு என்ன? 1934 என்று சில இடங்களில் இருக்கும், 1935 என்று சில இடங்களில் இருக்கும். இரண்டில் ஒன்றைப் பிடித்து எழுதிவிடுவது வழக்கம். மாணவர் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு ஆண்டையும் சொல்பவர் யார், அவர் எப்போது எழுதினார், அவருக்கு யார் சொன்னது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பத்துக் கட்டுரைகள் ஒரே ஆண்டைச் சொன்னாலும், பத்தும் ஒரே பழைய மலரைப் பார்த்து எழுதியவையானால் அவை பத்துச் சாட்சிகள் ஆகா, ஒரு சாட்சிதான். ‘முதன்முதலில்’ என்ற சொல்லையும் இதேபோல் உரசிப் பார்க்க வேண்டும். புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் 1880-களிலேயே துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி கண்டதை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பழைய வெளியீடுகள் பேசுகின்றன. இதனால் முதலியாரின் பெருமை குறைந்துவிடாது. கையில் வந்ததை அரசின் கண்ணில் படவைத்து, அது சுரங்கமாகும்வரை விடாமல் நின்றவர் அவர். எதில் அவர் முதல்வர் என்பதைத் துல்லியமாகச் சொல்ல ஆவணம் உதவுகிறது. அது அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

எந்த ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் இதிலேயே புரியும். நேரு 1957 மே 20 அன்று சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததைச் சுதேசமித்திரனும் தினமணியும் எழுதியிருக்கும். அந்த விழாப் பந்தலுக்கு அப்பால் இருந்த வீடுகளின் எண்ணிக்கையை நாளிதழ் எழுதாது. அதற்கு 1951-ஆம், 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளை அருகருகே விரித்து, கிராமப் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கரியின் முகம் தெரிந்ததே 1961-இல்தான். ஆகவே இந்த இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் கிராமங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மேல்மண் அகற்றப்பட்ட காலத்தின் கணக்கு. நிலம் 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுக்கப்பட்டதா, பின்னால் வந்த 2013 சட்டத்தின்படியா என்பதைப் பொறுத்து இழப்பீட்டுக் கணக்கே மாறும். அது சட்ட அலமாரியின் வேலை.

உள்ளூர் நூலகத்தில் எல்லாம் இருக்காது. எங்கே இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதும் பாடத்தின் பகுதி. சென்னையில் 1896 முதல் நடக்கும் கன்னிமாரா நூலகம், நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் படியையும் பெற உரிமையுள்ள நூலகங்களில் ஒன்று. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் அவர் பெயரிலான ஆய்வு நூலகமாகச் சென்னையில் 1994 முதல் இயங்குகின்றன. நெய்வேலிக்குப் பக்கமாகப் பார்த்தால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகமும், புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். கைப்பேசியில் தமிழ் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. 1998 முதல் லிக்னைட் ஹாலில் நடந்துவந்த நெய்வேலி புத்தகக் கண்காட்சி இந்த ஊருக்குப் புத்தகத்தின் மேல் உள்ள ஆசையை எல்லாருக்கும் காட்டியது. ஜூலை மாதத்தில் ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்து புத்தகம் புரட்டும் தொழிலாளிகளைக் கண்ட ஊர் இது. ஆசை இருக்கும் இடத்தில் முறையைக் கற்பிப்பது எளிது.

குறிப்பெடுக்கும் பழக்கம் பார்க்கச் சின்னது. ஒரு அட்டையில் ஒரு செய்தி மட்டும். மேலே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். கீழே அந்தச் செய்தி, மாணவரின் சொந்தச் சொல்லில். அப்படியே எடுத்த வரியானால் மேற்கோள் குறி அப்போதே போட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் படிக்கலாம் என்பவர் பாதியைப் படிப்பதே இல்லை. பிராஜக்ட் சென்டர்களில் காசு கொடுத்தால் பைண்டிங்கோடு ஆய்வறிக்கை கிடைக்கும் காலத்தில், இந்த அட்டைகள்தாம் மாணவரின் உழைப்புக்குச் சான்று. ஆகவே மதிப்பெண்ணில் பாதியை இறுதிக் கட்டுரைக்கும் பாதியை அட்டைக் கட்டுக்கும் கொடுப்பது நியாயம். நாற்பது அட்டை எழுதிய மாணவி தன் கட்டுரையின் எந்த வரியைக் கேட்டாலும், அது எந்த அட்டையிலிருந்து வந்தது என்று எடுத்துக் காட்டுவாள். விலைக்கு வாங்கிய அறிக்கையை வைத்திருப்பவரால் அது முடியாது.

அச்சில் இல்லாததும் நிறைய இருக்கிறது. நகரியத்தின் பிளாக்குகள் எழுமுன் அந்த மண்ணில் முந்திரியும் மணிலாவும் பயிரிட்டவர்களின் நினைவு எந்த அலமாரியிலும் கிடையாது. சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு; பெரும்பாலும் அந்த நினைவு அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கும் ஒழுங்கு தேவை. நாள், இடம், பேசியவரின் வயது, அவர் பெயரை வெளியிடச் சம்மதமா இல்லையா என்பதை எழுதி வாங்க வேண்டும். அவர் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுத வேண்டும். பிறகு அதையும் மற்றச் சான்றுகளைப் போலவே எடைபோட வேண்டும். ‘பெருமழை பெய்த வருஷம்’ என்று பாட்டி சொன்னால் அது எந்த ஆண்டு என்று நாளிதழ்த் தொகுப்பில் தேடுவது மாணவரின் வேலை.

தாளை நடத்தும் நேரம் ஊரின் நேரத்துக்கு ஒத்துப்போக வேண்டும். சுரங்கத்தில் மூன்று ஷிப்ட். காலை ஷிப்ட் போகிறவருக்கு மாலை வகுப்பு, இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுபவருக்குப் பிற்பகல் வகுப்பு என்று ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு முறை நடத்தினால்தான் வேலையில் இருப்பவர் விடாமல் வர முடியும். நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும். ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து வகுப்பெடுக்க வேண்டும். நூலகரைப் புத்தகம் கொடுத்து வாங்கும் ஊழியராக மட்டும் வைத்திருக்கும் வழக்கத்தில் இந்தத் தாள் நடக்காது. ஒரு வகுப்புக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொருவரோடும் பட்டியல் கணினியின் முன் ஒரு முறையாவது உட்கார வேண்டியிருப்பதால் இந்த எண்ணிக்கை.

பருவ முடிவில் இருபது பக்கக் கட்டுரை ஒன்று வரும். அதை மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாமல், திருத்தங்களைச் செய்ய வைத்து, நல்ல தாளில் ஒரு படி எடுத்து, கல்லூரி நூலகமே பெற்றுக்கொள்ள வேண்டும். நூலகர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதியும் ஆசிரியர் என்ற இடத்தில் மாணவியின் பெயரும் எழுதி, சேர்க்கை எண் கொடுப்பார். முதுகில் 954.82 என்று சீட்டு ஒட்டி, பின்னட்டையின் உட்புறம் தேதிச் சீட்டு வைத்து, கார்ஸ்டினுக்கும் பிரான்சிஸுக்கும் பக்கத்தில் அடுக்குவார். அடுத்த ஆண்டு மந்தாரக்குப்பத்தைப் பற்றித் தேடி வரும் மாணவர் அந்த அலமாரியில் முதலில் எடுப்பது அதுவாக இருக்கலாம்.